ஐஸ் ஆகாத கிண்ணங்கள்

2024 மே 11, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, முற்றம் பெருக்கி, சாயா போட அடுக்களைக்குள் போனபோது உள்ளங்காலில் சில்லென்று ஈரம் பட்டது. பிரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வாசல்படிவரை வந்திருந்தது. பிரீசரைத் திறந்து, பூவாறிலிருந்து வரும் மீன்காரரிடம் வாங்கிக் கழுவிப் பொதிந்து வைத்திருந்த சூரைமீனை அழுத்தினேன்; விரல் உள்ளே இறங்கியது. காஞ்சிரங்குளத்தை ஒட்டிய இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால், ஒரு தடவை வாங்கும் மீன் எனக்கு ஒரு வாரத்துக்கு வரும்.

எதையும் வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம். பிளக் சரியாக இருந்தது, உள்விளக்கு எரிந்தது, குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் நடுவில்தான் நின்றது. பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன்; எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்ட காகிதம் கீழ்மூலையில் மட்டும் தடையில்லாமல் வெளியே வந்தது. அழுக்கேறி விறைத்துப்போன ரப்பரின் அந்த இடைவெளி வழியாகப் புழுக்கக்காற்று புகுந்து, பின்சுவரில் பனிக்கட்டியாகப் படிந்து, குளிர்காற்று வரும் துளைகளை அடைத்திருந்தது. சுவிட்சை அணைத்து, ரப்பரை வெந்நீரில் துடைத்து, பனி உருகக் கதவுகளைத் திறந்து வைத்தேன்.

அதுவரை மீனுக்கு இடம் வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போன வருடம் குடிவந்த ஷைனியிடம் மதிலுக்கு இப்பாலிருந்து தலையசைத்ததைத் தவிர எனக்குப் பழக்கமில்லை. பொட்டலத்தோடு அவளுடைய கேட்டருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

"இதுக்காக்கும் கேட்டுல நின்னு யோசிச்சீங்க? தாருங்க சேச்சி. நீங்க ஆருகிட்டயும் பேசமாட்டீங்கன்னுல்லா நான் நெனச்சேன்" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து, திறந்த பிரிட்ஜின் முன்னால் துணியும் வாளியுமாக உட்கார்ந்திருந்தபோது, சொட்டும் தண்ணீரின் சத்தத்தில் எங்கள் முதல் பிரிட்ஜ் நினைவுக்கு வந்தது.

அப்பா மஸ்கட்டில் வேலை செய்தார். நான் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அவர் அனுப்பிய பணத்தில் அது வந்தது; எங்கள் இடவழிச் சந்தில் இருந்ததே அந்த ஒன்றுதான். காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணங்களில் தண்ணீர் கொண்டுவந்து பிரீசரில் வைத்துவிட்டு, "நாரங்கா வெள்ளம்" என்ற எலுமிச்சைத் தண்ணீர் கலக்க ஐஸ் எடுப்பதற்காக மத்தியானத்துக்குமேல் ஒவ்வொருவராக வருவார்கள். அம்மா திறந்து, விரலால் தொட்டுப்பார்த்துவிட்டு, "இன்னும் வெள்ளமாக்கும், இரிங்க" என்பாள். அவர்கள் அடுக்களைத் தரையில் கால்நீட்டி உட்காருவார்கள். செங்கல் ஊர்க் கோயில் திருவிழாவில் தொடங்கும் பேச்சு யார் வீட்டு மருமகள் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதுவரை போகும். மேலண்டை வீட்டு லில்லி மாமி ஒருநாள் பொறுமையிழந்து, "உனக்க மாப்பிள வாங்கித் தந்தது பிரிட்ஜா, பாத்திரம் வைக்கிய அலமாரியாட்டீ?" என்று கேட்டபோது, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அம்மாதான். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர்கள் எழுந்து போனதும் வீடு அப்படியே அடங்கிவிடும். பிறகு தூங்கும்வரை அம்மா என்னிடம்கூட அதிகம் பேசமாட்டாள். பிரிட்ஜின் முனகல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

லீவில் வந்த அப்பா, ஐஸ் ஆகவில்லை என்ற புகாரைக் கேட்டுப் பாறசாலையிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் வயரைப் பார்த்து, பின்பக்கக் குழாயைத் தொட்டுப்பார்த்து, கடைசியில் உள்ளே குனிந்தவர் சிரித்துவிட்டார். "அண்ணே, இதுக்கு ஒரு கேடும் இல்ல. குமிழ ஒண்ணுலயாக்கும் வச்சிருக்கு." அப்பா அதை ஐந்துக்குத் திருப்பி, அம்மாவுக்கு விளக்கமாகப் பாடம் சொன்னார். அம்மா ஒன்றும் தெரியாதவள் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த லீவு முழுக்கக் கிண்ணங்கள் உச்சிப்பொழுதுக்குள் கல்லாகிவிட்டன. பெண்கள் வந்தார்கள், கிண்ணத்தை எடுத்தார்கள், "வாறேன் பிள்ளே" என்று வாசலிலிருந்தே போய்விட்டார்கள்.

அப்பாவை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று, கட்டியிருந்த பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் அம்மா பிரிட்ஜைத் திறந்து குமிழை மறுபடி ஒன்றுக்குத் திருப்பினாள். பின்னால் நான் நிற்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் ஆனா சீக்கிரம் போயிருவாளுவ மக்கா."

பிறகு வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்தது. கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. லில்லி மாமியுடையது மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. மாமி கேட்கவும் இல்லை, அம்மா கொடுக்கவும் இல்லை. இரண்டுபேரும் இப்போது இல்லை. ஐஸ் கேட்டு இங்கே யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. என் அடுக்களைவரை கடைசியாக வந்த வெளியாள் யார் என்று யோசித்துப்பார்த்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்தான்.

பின்சுவர்ப் பனி முழுக்க உருக மாலையானது. ஈரத்தைத் துடைத்து, லில்லி மாமியின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, சுவிட்சைப் போட்டேன். காகிதம் இப்போது நான்கு மூலையிலும் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் முற்றம்கூடப் பெருக்காமல் முதலில் பிரீசரைத்தான் திறந்தேன். கிண்ணம் கல்லாக இருந்தது. அழுத்திய விரல் வழுக்கியது. கதவை மூடிவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஷைனி, "சரியாச்சா சேச்சி? மீன எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

"இல்ல ஷைனி, இன்னும் வெள்ளமாக்கும்" என்றேன்.

"அப்பம் மீன் இங்கேயே இருக்கட்டு. இரிங்க, சாயா எடுக்கேன்."

இருந்தேன்.