சிக்கிக்கொண்ட ரிக்கார்டு

பெல்லி டான்ஸ் ஆடியவள் நான், சொல்ல வெட்கமில்லை. எழுபதுகளில் விருத்தாசலத்தில் ரிக்கார்டு டான்ஸ் குழுவில் சேர்ந்து பழகினேன். பழகும்போது தலையில் தண்ணீர் நிறைந்த பீங்கான் கோப்பையை வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் ஆட்டுவேன். மூன்றே மாதத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தாத அளவுக்குத் தேறிவிட்டேன். பாட்டு நிற்கும்வரை ஆட்டமும் சிரிப்பும் நிற்கக்கூடாது என்பது எங்கள் குழுவின் கட்டுப்பாடு.

திருவிழா மேடையில் முதல் ஆட்டம். பாதியில் ரிக்கார்டு கீறலில் சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. நானும் அதே இடுப்பு வெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். விசில் பறந்தது. ரிக்கார்டு போட்டுக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தேன். அவர் முள்ளை எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்கண்ணே! அப்படியே ஓட வுடுங்க!" என்று கூட்டம் கத்தியது.

அவர் கையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

இடுப்பு கடுத்தது. கண்ணீர் முட்டியது. எனக்கோ நிறுத்தத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே ஆடினேன்.

அன்று தலையில் அந்தக் கோப்பை இருந்திருந்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்காது. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தேன்.