முன்கண்ணாடியில் ஒரு விரிசல்

தினமும் தேதியிட்டு நாட்குறிப்பு எழுதுபவன் நான். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையைப் பொய்யாக எழுதினேன்.

என் பழைய காரின் ரியர்வியூ மிரர் எங்கள் தீவின் உப்புக்காற்றில் மங்கியிருந்தது. முன்கண்ணாடியோடு ஒட்டியிருந்த அதைக் கழற்ற, திங்கட்கிழமை மாலை நானே முறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பயந்து விட்டுவிட்டேன். மறுநாள் மரைன் ஹில்லில் உள்ள என் வீட்டுக்கு வந்த மெக்கானிக் செல்வத்திடம் அதைச் சொல்லவில்லை.

அவர் தூண்டில் நரம்பால் பசையைப் பொறுமையாக அறுத்தார். மிரர் கையோடு வந்தது. அது இருந்த இடத்தில், முன்கண்ணாடியில் விரிசல்.

"கல்தி என்னோடதுதான் சார், என் தப்பு. கொஞ்ச நாளா கை நடுங்குது. மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல புதுசு வரவெச்சு நானே போட்டுத் தர்றேன்."

நான் தலையாட்டினேன். அன்றைய பக்கத்தில் 'செல்வம் கழற்றும்போது விரிசல்' என்று எழுதி வைத்தேன்.

மனம் உறுத்தி, வியாழக்கிழமை சாத்தம் பகுதியில் இருக்கும் அவருடைய ஷெட்டுக்குப் போனேன்.

"இனிமே கண்ணாடி வேலை எடுக்கறதில்ல சார். கையை நம்ப முடியல."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டி வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு நாளா இந்தக் கையைத்தானே சார் திட்டிக்கிட்டிருந்தேன்?"

என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

வீடு திரும்பியதும் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு, 'நான்' என்று எழுதினேன். அடித்த பெயர் இன்றும் படிக்கும்படியாகவே இருக்கிறது.