மூலையில் ஒரு கட்டைவிரல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். இந்தத் தீவில் ட்ரியோலே என்கிற எங்கள் ஊரில் கொஞ்சம் கரும்பு நிலம், இரண்டு மாடு, இந்தக் கோபம், அப்பா எனக்கு விட்டுப்போனது இவ்வளவுதான். காமிரா மட்டும் நானாகத் தேடிக்கொண்ட வினை.

கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன பெட்டிக் காமிரா அது. பஸ்ஸில் போகிற தூரத்தில் குட்லண்ட்ஸ் என்ற ஊரில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான், தையற்காரன். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தபோது பழக்கம். என்னைப் பார்த்து அவனும் ஒரு பெட்டியை வாங்கிவிட்டான். படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் மாப்பிள்ளை பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்த கிறுக்கு வேறு. மிளகாய்ப் பூ, கரும்புக் கணுவில் எறும்பு, மாட்டு மூக்கில் நிற்கும் தண்ணீர்த் துளி என்று கிட்டப் போய்க் கிட்டப் போய் எடுப்போம். தினம் பார்க்கிற மிளகாய்ப் பூதான், ஆனால் கறுப்பு வெள்ளையில் கை அகலத்துக்குப் பார்த்தால் மனசு என்னமோ செய்யும்.

கிட்டப் போவது லேசு இல்லை. அந்தப் பெட்டி ஆறடிக்கு இந்தப் பக்கம் எதையும் தெளிவாகப் பார்க்காது. அதனால் முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டிவைப்போம். கட்டினால் ஒரே ஒரு தூரத்தில்தான் படம் விழும், இரண்டு விரல் முன்னே பின்னே போனாலும் மங்கல். அந்தத் தூரத்துக்கு ஒரு நூலை அளந்து காமிராவில் கட்டி, நுனியில் முடிச்சுப் போட்டிருப்பேன். என் மனைவி முடிச்சைப் பூவுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். "சரியா இருக்கு, தட்டுங்க" என்று சொல்லி நூலை விட்டுவிடுவாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காமிரா விசையைத் தட்டுவேன். ஃபிலிமை போர்ட் லூயிஸில் ஒரு மருந்துக்கடையில் கழுவித் தருவார்கள். அதை நாங்களே மரச்சட்டத்தில் வைத்து, காகிதத்தோடு சேர்த்து அழுத்தி, வெயிலில் காட்டிப் படம் எடுத்துக்கொள்வோம்.

எங்களுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. இடது பக்கத்தில் ஒருவன் படத்தை ஒட்டுவான், வலது பக்கத்தில் மற்றவன் குறை எழுதுவான். பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால் அன்றைக்கே குட்லண்ட்ஸ் போய்விடும். இரண்டே விதி. "நல்லா இருக்கு" என்று எழுதக் கூடாது, அதை வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். எடுத்தவன் சாக்குச் சொல்லக் கூடாது, காற்று அடித்தது, மாடு ஆடியது என்று ஒரு வரி வரக் கூடாது. படம்தான் பேச வேண்டும்.

பேசுவது தீவு மொழியான கிரியோல், எழுதுவது மட்டும் தமிழ். கோயில் பள்ளியில் படித்த தமிழ் என்பதால் எங்கள் குறைகள் எல்லாம் தேவாரம் மாதிரி கம்பீரமாக இருக்கும். "எறும்பின் தலை எங்கே ஒழிந்தது?" என்று அவன் எழுதுவான். நான் அடிக்கடி எழுதுவது ஒன்றுதான்: மூலையில் வந்ததை வெட்டு. இலை நுனி, சட்டை ஓரம், யாருடைய நிழலாவது மூலையில் எட்டிப்பார்த்தால் எனக்குப் பிடிக்காது. அவன் கத்தரிக்கோல்காரன், சொன்ன உடனே வெட்டிவிடுவான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் மனைவி அரிவாள், மண்வெட்டியோடு காமிராவையும் வைத்துப் பொட்டு இட்டாள். கண்ணாடியில் இட்டுவிடாதே என்று நான் கத்தியதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். பூஜை முடிந்து எடுத்தபோது நூல் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் தடவியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எடுத்த படம் எல்லாம் மங்கல். முதல் தடவை நண்பன் எழுதினான்: "தெளிவு இல்லை. நூல் பிடித்த கை ஆடியதோ?" எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரி கையைக் குறை சொல்ல இவன் யார்? அடுத்த தடவை அவரைப் பூவை எடுத்து அனுப்பினேன். "கண்ணாடி போடும் வயது வந்துவிட்டது போலும்" என்று எழுதியிருந்தான். விளையாட்டாகத்தான் எழுதினான், இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லையே!

அதே நோட்டில் அடுத்த பக்கம் அவன் ஒட்டியிருந்தது ஒரு குழந்தையின் பாதம். அவன் பிள்ளை, ஆறேழு மாதம் இருக்கும். உள்ளங்கால் முழுக்க நிறைந்திருந்தது, ரேகைகூடத் தெளிவு. கீழே மூலையில் யாருடையதோ ஒரு கட்டைவிரல். அவ்வளவு தெளிவாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். நின்ற வாக்கில் எழுதினேன்: "காலில் உயிர் இல்லை. கல்லில் செதுக்கியது போல் கிடக்கிறது. மூலையில் விரல் வேறு. வெட்டி எறி." மை காயும் முன்பே பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் நோட்டு வரவில்லை. ரோஷமாக்கும் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி காது தாங்காமல், "அப்படி என்னதான் எழுதிட்டாரு அந்த அண்ணன்?" என்று கேட்டாள். நூல் பிடித்த கை ஆடியதோ என்று எழுதியதைச் சொன்னேன்.

"நூலை நான் மாத்தினேனேங்க," என்றாள். "பழசு அழுக்கா இருந்துச்சு. பூஜைக்கு ஆகாதுன்னு அதே அளவுக்குப் புது நூல் வெட்டி, முடிச்சுப் போட்டு, மஞ்சத்தண்ணியில நனைச்சுக் காயவச்சுக் கட்டினேன்."

பழைய நூலை அவரைக்கொடிக்குக் கட்டியிருந்தாள். இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போய்க் கொடியோரம் நின்று புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நனைந்து காய்ந்ததில் புது நூல் இரண்டு விரல் சுருங்கியிருந்தது.

அடச்சே! தெளிவு இல்லை என்று அவன் எழுதியது சரிதான். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சொல்லுவாங்க," என்றாள் என் மனைவி. "நீங்க குற்றம் பார்க்கறதுக்குன்னே நோட்டுப் போட்டு வச்சிருக்கீங்க. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தான். "இப்பத்தான் போறீங்களா? பிள்ளை போய் மூணு வாரம் ஆச்சே," என்றான். காய்ச்சல். இரண்டே நாள். அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல்தான். "அடக்கம் பண்ணிட்டு வர்றாங்க, நான் நோட்டோட வாசல்ல நிக்கறேன். எனக்கு என்ன தெரியும்? குடுத்துட்டேன்."

நான் எழுதிய வரி எனக்கு மனப்பாடம். குட்லண்ட்ஸ் வரைக்கும் அந்த வரியோடுதான் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பயம்.

அவன் தையல் மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நான் தெரியாமல் எழுதியது என்று அவனுக்குத் தெரியும், அவன் அதைப் பற்றிக் கோபப்படவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தான். படத்தின் மூலை நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது.

"நீ சொன்னபடி விரலை வெட்டிட்டேன்," என்றான். "இப்பப் பார்த்துச் சொல்லு. எங்ககிட்ட இருக்கற படம் இது ஒண்ணுதான். முகத்தை அப்புறம் எடுத்துக்கலாம்னு இருந்துட்டேன். வர்றவங்க எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லி அழறாங்க. பிள்ளையோட அம்மா ஏறெடுத்தே பார்க்க மாட்டேங்கறா. நீதான் பொய் சொல்லாதவன். படத்துலகூட உயிர் இல்லையா?"

நான் பார்த்தேன். "இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கத்தரித்த அந்தப் படத்தில் பாதம் மட்டும் தனியாக, அசையாமல், அழகாகக் கிடந்தது. பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

"ஃபிலிம் இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. அவனிடம் இருந்த பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல் தடவையாக அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அன்றைக்கு நான் படத்தையா பார்த்தேன்? என் கோபத்தை அல்லவா பார்த்தேன். அந்தக் கட்டைவிரல் சும்மா மூலையில் வந்து விழுந்தது இல்லை. குதிகாலை அழுத்திப் பிடித்திருந்தது. அழுத்திய இடத்தில் சதை சின்னதாகக் குழிந்து, சுற்றிலும் பிதுங்கியிருந்தது. கல் குழியுமா?

"மறுபடி அச்செடுப்போம், மூலையோட," என்றேன். "நான் எழுதினது தப்பு."

அவன் மறுபேச்சுப் பேசாமல் சட்டத்தையும் காகிதத்தையும் கொண்டுவந்தான். உச்சி வெயில். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிமேல் சட்டத்தைச் சாய்த்துவைத்துவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் குந்தினோம். பின்பக்கப் பலகையில் பாதியைத் திறந்து பார்த்தால் படம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். முதலில் விரல் இடுக்குகள் நிழலாக வந்தன. பிறகு ரேகை. பிறகு மூலையில் அந்தக் கட்டைவிரல் மெல்ல மெல்லக் கூடிவந்தது.

எங்கள் பின்னால் அவன் மனைவி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. குனிந்து பார்த்தாள்.

"இது என் விரல்," என்றாள்.

அவள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு இடத்துல நிக்காதுண்ணே அந்தக் கால்," என்றாள் என்னிடம். "உதைச்சுக்கிட்டே இருக்கும். படம் ஆடிப்போகும், பிடி பிடின்னு இவரு கத்தறாரு. அதான் பிடிச்சேன். அப்பவும் என்னா உதை! என் விரலே நோகுது." சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவனும் அழுதான். நான் மட்டும் என்ன, கல்லா?

படத்தை மருந்துத் தண்ணீரில் அலசி, காயவைத்து, நோட்டில் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம். எதிர்ப்பக்கத்தில் என் வரிகளை நானே அடித்தேன். எழுத வேண்டியதை யோசிக்கக்கூட இல்லை. கீழே எழுதினேன்: "கால் உதைக்கிறது."