கழுதைக்கு விழுந்த உதை

நாற்பது வருடம் வைத்தியம் பார்த்து என்ன சாதித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் ஒரு கழுதையைப் பற்றிச் சொல்வேன்.

மன்னார்க் கரையில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்க முங்குகிறவர்களிடம் ஒரு கைமருந்து உண்டு. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவனுக்கு இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கால் மரத்தால், ஆளைத் திரும்பவும் கடலுக்குள் இறக்குவார்கள். கொஞ்சம் சுகம் தெரியும். மேலே ஏறியதும் முன்னையைவிட மோசமாகும்.

அப்படி ஒரு மத்தியானம், இடுப்புக்குக் கீழே அசைவில்லாத ஓர் இளைஞனைத் தூக்கி வந்தார்கள். பாதத்தில் ஊசியால் குத்தினேன். அவனுக்குத் தெரியவில்லை. ஒக்சிசனைப் போட்டுவிட்டு, அழுத்த அறை இருக்கிற தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவனுடைய மச்சான் கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவு தூரம் போனா உயிரில்லாம மையத்தாத்தான் வருவான். விடுங்கோ டொக்டர், இன்னொருக்காக் கடலுக்க இறக்கினாச் சரிவரும். ரெண்டு தரம் இறக்கினனாங்கள்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இறக்கித்தான் இந்தக் கோலத்தில கொண்டு வந்திருக்கிறீங்கள்!" என்று வாட்டே அதிரக் கத்தினேன். அவர் கட்டிலை விடவில்லை. நேரம் போகப் போக அந்தக் கால்களும் போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது, இவர்கள் சொல்வதில் பாதி சரி. அழுத்தம்தான் மருந்து. கடலுக்குள் அதை அளந்து கொடுக்க முடியாது, அவ்வளவுதான். குரலை இறக்கினேன்.

"நீங்கள் சொல்லுறது சரி தம்பி. இவனை இறக்கத்தான் வேணும். அங்க ஒரு இரும்பு அறை இருக்கு. அதுக்குள்ள ஆழக்கடல் மாதிரி அமத்தி வைச்சு, ஒக்சிசன் குடுத்து, மெதுவா மெதுவா மேல எடுப்பினம்."

"அப்ப அதுவும் கடல்தானே?"

"ஓம், கடல்தான்."

கையெழுத்துப் போட்டார். ஆனால் அவன் நடப்பான் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, கிளினிக் சன்னலால் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலை ஒரு கழுதை மறித்து நின்றது. எங்கள் ஊர்க் கழுதைகள் இலேசில் வழி விடமாட்டா. சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவன் வந்து அதட்டிப் பார்த்தான், பிறகு வலது காலால் ஓர் உதை விட்டான். அன்று கட்டிலில் கிடந்த அவனேதான்!

வாயில்லாச் சீவனை அடிக்கிறவர்களைக் கண்டபடி ஏசுகிறவள் நான். அன்று சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்:

"மற்றக் காலாலயும் ஒண்டு விடடா!"

கழுதை அதற்குள் ஓடிவிட்டது. அவன் சிரித்துக்கொண்டு வெறுங்காற்றை உதைத்துக் காட்டினான்.