இசக்கிசெல்வியின் நாலு சக்கர வீடு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி தாராவியில் பஸ் ஏறி தேவ்நார் போவாள். அங்கே பழைய கார் விற்கிற கொட்டகையில், போனில் ஒரு வெள்ளைக் காரின் படத்தைக் காட்டி ஒரே கேள்விதான் கேட்பாள். "இது இப்போ என்ன வெலைக்குப் போவும்?"

மற்றப் பெண்கள் தங்கம் ஏறியதா என்று கேட்பார்கள். இவள் வண்டி இறங்கியதா என்று கேட்பாள். பதினாறு லட்சம் பதின்மூன்றானது, பதின்மூன்று பதினொன்றானது. இறங்கிய மாதமெல்லாம் வாசலில் ஒரு கரும்பு ஜூஸ் வாங்கி நின்று நிதானமாகக் குடித்துவிட்டு வருவாள். கொட்டகைக்காரன் முதல் தடவை வாங்க வந்த ஆள் என்று நாற்காலி போட்டான். அடுத்த தடவை பைத்தியம் என்று நாற்காலியை எடுத்துவிட்டான்.

பைத்தியமில்லை. அந்த வண்டி அவளுடைய வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே ஏணி வைத்து ஏறுகிற ஒரு மாடி. புருஷன் நம்பிராஜன் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, கொழுந்தன் சுயம்பு ஒரு காகிதத்தோடு வந்தான். "சர்வேக்குக் குடுக்கணும் மதினி, இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாராவியில், இடித்துக் கட்டும்போது யாருக்கு வீடு என்று கணக்கெடுக்கிற சர்வே என்று சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். பேர் விட்டுப்போனால் வீடே விட்டுப்போகும் என்று பயம். இசக்கிசெல்வி தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். காகிதம் மராத்தியில் இருந்தது. போட்டாள். அடுத்த மாதம் வேறொரு ஆள் வந்து பூட்டை மாற்றினான். அதற்கடுத்த மாதம் சுயம்புவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அந்த வெள்ளை வண்டி நின்றது.

சுயம்புவுக்குச் சொந்த வீடு கிடையாது. செம்பூரில் வாடகை. கேட்டால், "வீட்ட எவன்லே தெருவுல கொண்டுவந்து பாக்கான்? வண்டியத்தான் பாக்கான்" என்பான்.

இசக்கிசெல்வி அடுத்த சந்தில் வாடகைக்குப் போனாள். ராஹிலின் பட்டறையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். மதினி என்ன செய்கிறாள், எங்கே சாப்பிடுகிறாள் என்று நாலு வருஷத்தில் ஒரு தடவை விசாரித்திருந்தால், சுயம்பு அந்தப் பட்டறைப் பக்கமே வந்திருக்க மாட்டான். விசாரிக்கவில்லை. செம்பூரைவிடப் பாதிக் கூலி என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டான்.

"புதுசு மாதிரி இருக்கணும் பாய். ஞாயித்துக்கெழம வாங்குற பார்ட்டி இங்கயே வந்து பாக்கும். இத வித்துத்தான் இதவிடப் பெரிய வண்டிக்கு அன்னைக்கே பணம் கட்டணும். கட்டலன்னா அட்வான்ஸ் போச்சு."

மேல்தளத்தில் மெஷினுக்குப் பின்னால் இசக்கிசெல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி கைமாறிவிட்டால் அவள் வீடு இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

முதலில் சீட்டுக்குள் கருவாடு வைத்துத் தைக்கலாமா என்று யோசித்தாள். கெட்ட பேர் ராஹிலுக்குத்தான் என்று விட்டுவிட்டாள். அவன் அட்வான்ஸ் கொடுத்துத்தான் அவளுக்கு வாடகை வீடே கிடைத்தது. அதனால் அஞ்சு சீட்டையும் ஒரு தையல் கோணாமல் தைத்தாள். ஞாயிறு காலை தைத்து முடித்து ராஹிலிடம் விஷயத்தைச் சொன்னாள்.

ராஹில் சாவியை மேஜையில் வைத்தான். "நான் சாயா குடிக்கப் போறேங்க்கா. வர ஒரு மணிநேரம் ஆவும்."

பதினோரு மணிக்கு, வாங்க வந்த அமிர்தநாதனோடு சுயம்பு ஆட்டோவில் வந்து இறங்கினான். வண்டியின் பின்சீட்டில் இசக்கிசெல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் பானை, அடுப்பு, பாய். கண்ணாடிக்கு அருகில் நம்பிராஜன் படம்.

"வாங்கண்ணே," என்றாள் அமிர்தநாதனிடம். "செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வாங்க. சின்ன வீடுதான்."

"மதினி! எறங்குங்க. மானத்த வாங்காதீங்க."

"ஒன் மானம் என்ன வெலலே? அதையும் வித்துட்டியோன்னு நெனச்சேன்."

கூட்டம் கூடிவிட்டது. அமிர்தநாதன் தேவ்நாரில் மரக்கடை வைத்திருப்பவர், நிதானமான மனுஷன். குனிந்து, அவளிடமே முழுக்கதையும் கேட்டார். பிறகு சுயம்பு பக்கம் திரும்பினார்.

"தாலியறுத்த பொம்பள வீட்டு மேல ஏறி நான் கோயிலுக்குப் போவமாட்டேன் தம்பி. அந்த அம்மா தானா எறங்கணும். பாதிப் பணம் நேரா அவங்க அக்கவுண்டுக்குப் போவும். சரின்னா பேசுவோம்."

சுயம்பு மணி பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பெரிய வண்டியின் அட்வான்ஸ் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். "சரி, பாதி," என்றான். "மொத்தம் ஒம்பதே கால்."

"எட்டு," என்றாள் இசக்கிசெல்வி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அண்ணே, போன மழைக்கு இது பானெட் வரைக்கும் தண்ணில நின்னுச்சு. சீட்டப் பிரிச்சது நாந்தான், அடியில சேறு காஞ்சு கெடக்கு. எட்டுக்கு மேல ஒத்த ரூவா குடுக்காதீங்க."

"மதினி, ஒங்களுக்குந்தான நஷ்டம்?" சுயம்புவின் குரல் கீச்சென்றது. "ஒங்க பாதியும்லா கொறையுது!"

"கொறையட்டும். நான் வீடே போயி நாலு வருசம் இருந்தவ. ஒனக்குத்தாம்ல பழக்கமில்ல. அண்ணே, முன்னாடி பம்பர் ஒரிஜினல் இல்ல. ஏழே முக்கால்னு சொல்லுங்க."

ஏழே முக்காலுக்கு முடிந்தது. அவன் விற்ற அறை இன்றைக்கு முப்பத்தைந்து லட்சத்துக்குப் போகிறது. அவளுக்கு வந்த பாதியில் அதன் வாசற்படிகூட வாங்க முடியாது. இசக்கிசெல்விக்கு அது நன்றாகவே தெரியும்.

பணம் வந்தபிறகுதான் இறங்கினாள். அமிர்தநாதன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். கையில் வந்த பாதி பெரிய வண்டிக்குக் காணாது, சுயம்பு செம்பூர் பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் போய் நின்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் பஸ் படி வரைக்கும் ஆள், ஏற முடியவில்லை. இரண்டாவது நிற்கவே இல்லை.

இசக்கிசெல்வி எதிரே பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். சமையல் பாக்கி இருந்தது. இருக்கட்டும். மூன்றாவது பஸ்ஸையும் பார்த்துவிட்டுப் போகலாம்.