சமையலறைச் சுவரில் ஒட்டிய பைத்தான்

கம்ப்யூட்டர் கோர்ஸ்களுக்குப் பேர்போன அமீர்பேட் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாக்ஸ் நாற்றம்தான். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று இன்ஸ்டிட்யூட் லேப் வாசலிலேயே எல்லாரையும் ஷூவைக் கழற்ற வைப்பார்கள். உள்ளே ஏசி... ஜன்னலைத் திறக்கவும் விடமாட்டார்கள்.

அப்போது அங்கே ஜாவாதான் ராஜா. தெரு முழுக்க ஜாவா போர்டு. நானும் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்துப் போய் ஜாவாதான் படித்தேன்.

ஒருநாள் லேப் கம்ப்யூட்டரில் யாரோ போட்டு வைத்திருந்த பைத்தான் கண்ணில் பட்டது. யாரோ ஒருத்தர் கிறிஸ்துமஸ் லீவில் பொழுதுபோகாமல் எழுத ஆரம்பித்த கம்ப்யூட்டர் மொழி என்று படித்தேன். அதற்காகவே பிடித்துப்போனது. ஜாவாவில் பக்கம் பக்கமாக எழுதுவதை இதில் சில வரிகளில் முடித்துவிடலாம்!

ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவின் ஷிப்டை மாதம் முழுக்கப் போட்டுக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினேன். பிரிண்ட் எடுத்து சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸை எடுப்பார்.

ஜாவாவை விட்டுவிட்டு இதையே படிக்கிறேனே என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் நேராக இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து சாரிடம் விசாரித்தார். சார் விழுந்து விழுந்து சிரித்தார். அது விளையாட்டு சாமான், அதற்கெல்லாம் யாரும் வேலை தரமாட்டார்கள் என்றார்.

படி இறங்கும்போது அப்பா சொன்னார்.

"நக்கோம்மா, வேணாம்... வேலை கெடைக்காத படிப்பு நமக்கு எதுக்கு? ஜாவாவையே ஒழுங்கா படி."

அத்தோடு விட்டுவிட்டேன். அப்பா மேல் கோபம் இல்லை. அந்தச் சிரிப்பின் மேல் இன்னும் தீரவில்லை.

இப்போது, இத்தனை வருஷம் ஜாவாவில் உழைத்தபிறகு, பைத்தான் தெரியாதவர்களுக்கு அடுத்த ப்ராஜெக்ட் கிடையாது என்கிறது ஆபீஸ். ஆன்லைன் வகுப்பு வேறு. நடத்துவது யார் தெரியுமா? அதே அமீர்பேட் இன்ஸ்டிட்யூட்!

நேற்று குகட்பள்ளி வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து கேட்டேன். பாடம் எடுத்த பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். கிறிஸ்துமஸ் லீவு கதையிலிருந்து ஆரம்பித்தான்.

"சீனியர்ஸுக்கு ஜாவா பழக்கம் போறது கொஞ்சம் கஷ்டம்" என்றான். பிறகு என் பெயரைச் சொல்லிக் கேட்டான்.

"மேடம், பைத்தான் உங்களுக்கு ஃபர்ஸ்ட் டைமா?"

"ஆமா" என்றேன்.

வேறென்ன சொல்ல... சமையலறைச் சுவரில் ஒட்டியதையெல்லாம் ரெஸ்யூமேயில் போட முடியுமா?