வெள்ளைச் சேட்டில் ஒரு முகம்

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கிளிநொச்சிக்குள் என்னென்னவோ வந்தது. ஐஸ்கிறீம் வந்தது, வெளிநாட்டுக்குக் கதைக்கத் தொலைபேசிக் கடை வந்தது, எங்கள் கடைக்குள் ஒரு கொம்பியூட்டரும் வந்தது. முதல் இரண்டைப் பற்றியும் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. மூன்றாவது என் உயிரை எடுக்கத்தான் வருகிறது என்று, அது பெட்டியை விட்டு இறங்கிய அன்றே சொன்னேன். என் கணவர் கேட்டால்தானே.

நாங்கள் ரீசேட்டில் அச்சடிக்கிற ஆட்கள். விளையாட்டுக் கழகம், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழாத் தொண்டர் என்று சனம் வரும். மரச் சட்டத்தில் மெல்லிய வலைத் துணியை இழுத்துக் கட்டி, எழுத்து விழவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, மையை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுப்போம். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். சிவப்புச் சேட்டில் வெள்ளை எழுத்து, நீலச் சேட்டில் மஞ்சள் எழுத்து, மிஞ்சிப்போனால் ஒரு பந்து அல்லது ஒரு மயில். மனித முகத்தை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எங்கள் வலையில் அது சட்டிக்கரி மாதிரித்தான் விழுந்திருக்கும்.

புது முறை வேறு. படத்தைக் கொம்பியூட்டரில் போட்டு, அதற்கென்றே இருக்கிற ஒரு தாளில் அடித்து, தாளைச் சேட்டின்மேல் கவிழ்த்து, பெரிய ஸ்திரிக்கைப் பெட்டி மாதிரி ஒரு மெசினுக்குள் வைத்துச் சூட்டோடு அமத்த வேண்டும். தாளை உரித்தால் முகம் சேட்டில் இருக்கும். சுருக்கம், மூக்குத்தி, பல்லிடுக்கு எல்லாம் இருக்கும். இவர் முதன்முதலில் சொல்லாமல் கொள்ளாமல் என் முகத்தைத்தான் அடித்தார். பின்னேரம் தேத்தண்ணியோடு கடைக்குள் போனால் கொடியில் நான் தொங்குகிறேன். கோப்பை கையை விட்டுப் போய்விட்டது.

"என்னப்பா, நான் செத்துப்போனனோ?" என்று கத்தினேன்.

"விசர்க் கதை கதையாதை. வடிவா வந்திருக்கெல்லே?" என்று இவர் சிரித்தார்.

வடிவாம்! எங்கள் பக்கத்தில் ஒரு முகம் பெரிதாகக் கலரில் அச்சானால் அது மதிலில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி. இல்லாவிட்டால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். உயிரோடு இருக்கிற சனத்தின் முகம் கலியாண அல்பத்துக்குள், அலுமாரியில் கிடக்கும். அக்கராயன் பக்கத்துக் கழகப் பொடியன் ஒருவன் ஆசைப்பட்டுத் தன் முகத்தைச் சேட்டில் அடித்துக்கொண்டு போனான். மறுநாள் அவனுடைய தாய் அந்தச் சேட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து மேசையில் எறிந்தாள். "உயிரோடை நிக்கிற பிள்ளையை ஏன் இப்பிடி அடிச்சனீங்கள்? அழியுங்கோ" என்றாள். அழிக்க முடியாது என்றதும் அவள் அழத் தொடங்கிவிட்டாள். நானும் சேர்ந்து அழுதேன். இவர் மட்டும், "காலம் மாறீட்டுது, சனம் பழகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதோடு இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அந்தத் தாள் வெள்ளைத் துணியில்தான் ஒழுங்காக எடுபடும். கலர்ச் சேட்டில் அடித்தால் முகம் மங்கிச் சேறு பூசினமாதிரிப் போய்விடும். ஆகவே முகம் வேண்டுமென்றால் சேட் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் பெரிய வேலை கனடாவிலிருந்து வந்தது. ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவரின் மகன் தொலைபேசிக் கடைக்கு எடுத்து, எங்களைக் கூப்பிடச் சொல்லிக் கதைத்தான். தகப்பனுக்கு மணிவிழா வருகிறதாம். தன்னால் வரமுடியாதாம். வீட்டில் எல்லோரும் அப்பாவின் முகம் போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்க, அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம்.

"ஒண்டு மட்டும் அக்கா" என்றான். "அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் திரியிறவர். அதிர்ச்சி ஒண்டும் ஆகாது, திடுக்கிட்டால் ஆள் தப்பாது எண்டு டொக்ரர் கண்டிப்பாச் சொன்னவர். சேட்டைத் தங்கச்சியின்ரை கையிலைதான் குடுக்க வேணும். அவள் பக்குவமாச் சொல்லிக் காட்டுவாள். அம்மாவுக்கும் தெரியப்படாது. அவாவுக்கு ஒண்டையும் மறைக்கத் தெரியாது."

"நீர் யோசியாதையும் தம்பி" என்றேன்.

படம் மின்னஞ்சலில் வந்தது. அவன் அங்கேயே கொம்பியூட்டரில் வெட்டி ஒட்டியிருந்தான். தகப்பனின் முகத்துக்குப் பின்னால் நீல வானம். சுற்றிவர வெண்முகில். தலைக்குப் பின்னால் ஓர் ஒளி. கீழே, "எங்கள் அன்பு அப்பா." இடப்பக்கத்தில் பிறந்த திகதி. வலப்பக்கம் வெறுமை.

"இதென்ன கோதாரி! மனிசனை உயிரோடை மேலை அனுப்பிப் போட்டானே" என்றேன். "அந்த முகிலை எடுத்துப்போட்டு ஒரு வயலைப் போட்டுவிடுங்கோ."

"அவன் ஆசைப்பட்டு அனுப்பினதை நான் ஏன் மாத்துவான்?" என்றார் இவர். அவருக்கு அந்த நீல நிறத்தில் அப்படி ஒரு புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. வலையிலே இழுத்தால் இந்த நீலம் வருமா என்று என்னையே கேட்டார்.

பெரிய ஆட்களின் அளவுகள் முதலில் முடிந்தன. பிள்ளைகளின் அளவுக்கு வரும்போது மை தீர்ந்துவிட்டது. புது மை வர ஒரு கிழமையாயிற்று. அது வந்து சேர்ந்த அன்று காலை நான் குசினியில் நிற்க, இவர் முடிந்த சேட்டுகளைக் கட்டி முதல் பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"மகளின்ரை கையிலை குடுக்கச் சொன்னனீங்களோ?"

"அந்த வீட்டிலை குடுக்கச் சொன்னனான். ஆர் வாங்கினால் என்ன?"

எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பிறகு பிள்ளைகளின் சேட்டுகளை அடித்து, சூடு ஆறமுதல் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பார்சலை அந்த அம்மா பிரித்திருக்கக் கூடாதே என்று வழி முழுக்க எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

அந்த வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை முகப்பில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

செத்த வீட்டுக்குக் கட்டுகிறமாதிரி இரண்டு பக்க வேலியிலும் நூல் இழுத்து, வெள்ளைத் துணித் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அது நேரே நான் தேடிப்போன வீட்டுப் படலையில் போய் முடிந்தது. மனிசன் போய்விட்டார்! மணிவிழாவுக்கு முதலே போய்விட்டார். மகன் முகிலுக்குள் வைத்த நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டே படலையைத் திறந்தேன். பறைமேளக்காரர் நெருப்பு மூட்டி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளையள் முற்றத்தில் தறப்பாள் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரின் நெஞ்சிலும் அதே முகம், அதே முகில். எங்கள் சேட்!

செத்த வீட்டுக்கு வந்தவள் சும்மா நிற்க முடியாது. போய் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவாவின் நெற்றியில் பொட்டு இல்லை. இரண்டு பேரும் ஒப்பாரி வைத்து அழுதோம். மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டேன்.

"எப்பவம்மா நடந்தது?"

"எனக்கென்ன பிள்ளை தெரியும்? மகளோடை கிளினிக்குக்குப் போன மனிசன். நேற்றுப் பின்னேரம் வந்திருக்க வேணும், வரேல்லை. கண் பூக்கப் பாத்துக்கொண்டிருந்தன். விடிய இந்தப் பார்சல்தான் வந்தது."

"பார்சலோ?"

"ஓம். கிளிநொச்சியிலை அடிச்சு அனுப்பியிருக்கினம். மகள்தான் ஆஸ்பத்திரியிலை நிண்டு சொல்லி அடிப்பிச்சிருப்பாள். எனக்கு வாயாலை சொல்ல அவளுக்கு மனம் வரேல்லைப் போலை."

பக்கத்தில் இருந்த ஒரு பெண் கையிலிருந்த சேட்டின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "செத்த திகதி போட இடம் விட்டுக்கிடக்குப் பாத்தியளே? அந்தரத்திலை அடிச்சிருக்கினம், பாவங்கள்."

"ஆஸ்பத்திரியிலை இருந்து ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"ரெலிபோனிலை கதைச்சுக் கேக்கிறதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கிளிநொச்சிக்குச் சைக்கிளிலை போயிருக்கிறார். இன்னும் காணேல்லை."

இந்தச் சாவுக்கு எங்கள் சேட்டைத் தவிர வேறு சாட்சியே இல்லை! நான் இவ்வளவு நேரமும் எதற்காக அழுதேன்? துள்ளி எழும்பினேன்.

"அழாதைங்கோ! ஐயா சாகேல்லை! இது மணிவிழாச் சேட்! நாங்கள்தான் அடிச்சனாங்கள்!"

யாரோ, "பாவம், பிள்ளைக்கு மூளை கலங்கிப்போச்சு. தண்ணி குடுங்கோ" என்றார்கள். நான் பைக்குள் கையை விட்டுச் சின்னச் சேட் ஒன்றை இழுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். "செத்த வீட்டுக்கு ஆராவது இந்த அளவிலை சேட் அடிப்பினமோ?"

"ஏன் அடியாமல்? பேரப்பிள்ளையள் நெய்ப்பந்தம் பிடிக்கிறதுக்கு" என்றார் ஒரு கிழவர். அந்த அம்மா சின்னச் சேட்டை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. அவாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன்.

"கனடாவிலை இருந்து உங்கடை மகன் ரெலிபோன் எடுத்தவன் அம்மா. அவன்தான் அடிக்கச் சொன்னவன். அப்பாவுக்கு மணிவிழா, என்னாலை வரேலாது, எல்லாரும் இதைப் போட்டுக்கொண்டு நிண்டு படம் எடுங்கோ எண்டவன். உங்களுக்குச் சொல்லப்படாது எண்டும் சொன்னவன். உங்களுக்கு ஒண்டையும் மறைக்கத் தெரியாதாம்."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவா என்னை நிமிர்ந்து பார்த்தா. "அவன் அப்பிடியே சொன்னவன்?" என்றா. அழுத வாய் அப்படியே திறந்தபடி நின்றது. "அப்ப இவர் வருவாரே?"

அடுத்த நொடி அவாவின் கண் ஒழுங்கைப் பக்கம் போயிற்று.

"ஐயோ, கொடி! இவர் கொடியைக் கண்டால் எனக்குத்தான் ஏதோ எண்டு நினைச்சு விழுந்திடுவார். அவரின்ரை நெஞ்சு தாங்காது. ஓடு பிள்ளை, ஓடு, என்ரை ராசாத்தி, அறுத்தெறி!"

ஓடினேன். செருப்புக் கழன்றதும் தெரியாது. வேலி நீளத்துக்கு நூலைப் பிடித்து இழுத்தபடி ஓடினேன். துணித் துண்டுகள் கழுத்திலும் கையிலும் சுற்றிக்கொண்டு வந்தன. பின்னால் ஆம்பிளையள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. பாதி ஒழுங்கை மிச்சம் இருக்கப் பஸ்ஸின் ஹோர்ன் அடித்தது.

நான் ஒழுங்கை முகப்புக்கு வந்து சேர, அவர் அங்கே இறங்கி நின்றார். நான் அச்சடித்த முகம், முகில் இல்லாமல். முதல் நாள் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்களாம், மகள் மருந்துப் பையோடு பின்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். அவர் முகப்புக் கொடியைப் பார்த்தார். மற்ற வேலியில் அறாமல் கிடந்த நூலின் வழியே தன் படலை வரைக்கும் பார்வையை ஓட்டினார். கை நெஞ்சுக்குப் போயிற்று.

"பிள்ளை, ஆர் போனது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை ஐயா. சும்மா..." என்றேன். சும்மா யாராவது வெள்ளைக் கொடி கட்டுவார்களா? கழுத்தில் அந்தத் துணியோடு நின்றுகொண்டு நான் சொன்ன பொய்யை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"எங்கடை படலைக்கெல்லே போகுது" என்றார். அப்படியே மதகுக் கட்டின்மேல் குந்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா பின்னால் ஓடி வந்த ஆம்பிளையளில் ஒருவர் மூச்சிரைக்க எனக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்? நெஞ்சில் முகிலும் ஒளியும். மகள் அதைக் கண்டு, "ஐயோ அப்பா, பாராதைங்கோ!" என்று கத்தினாள். அவர் பார்த்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன். டொக்ரர் ஆகாது என்ற அதிர்ச்சியைப் பஸ் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அவர் சேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நானெல்லே?" என்றார்.

"ஓம் ஐயா."

"அப்ப செத்தது நானோ?"

"அப்பிடித்தான் ஐயா பிழையா நினைச்சுப் போட்டினம்."

"செத்தது அவா இல்லைத்தானே?"

"இல்லை ஐயா. அவா முற்றத்திலை இருந்து உங்களுக்காக அழுதுகொண்டிருக்கிறா."

நெஞ்சைப் பிடித்திருந்த கை மெல்ல மடியில் இறங்கியது.

"அப்பாடா" என்றார். "நான் பயந்துபோனன் பிள்ளை."